சட்டத்தைப் படிக்கவும் காசா?

ஹட்டன் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். பழைய உருண்டைக் கால் ப்ளக் வேண்டாம், நாடு முழுக்க சதுரக் கால் 13 ஆம்பியர்தான் என்று வர்த்தமானி வந்து வருசக்கணக்காகுது. நல்லதுதான்; லயத்துக் காம்பிராவில் ஒரே சொக்கெட்டில் நாலு அடப்டர் தொங்குவதைப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் அந்த ப்ளக் எப்படி இருக்கணும் என்று சொல்கிற நியமத்தைப் படிக்கக் காசு கட்டணுமாம்! இத்தனைக்கும் பிரிட்டிஷ்காரன் 1947இலேயே எழுதி வைத்த டிசைன் அது.

நியமம் எழுதச் செலவு உண்டு, மறுக்கல. ஆனால் அதை எழுதுகிற கூட்டத்துக்கு வருகிற நிபுணர்கள் பலருக்குச் சம்பளமே இல்லை. பிரதி விற்கிற காசு நியமத்தை வெளியிடுகிற அலுவலகத்தை நடத்த. அதைக் கொள்கலன் கொள்கலனாக ப்ளக் இறக்குகிறவர்களிடம் வாங்கினால் என்னவாம்? ஒரு ப்ளக்குக்குச் சில சதம் கூடும், அவ்வளவுதானே.

2024 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமே பொம்மைப் பாதுகாப்பு நியமங்களைக் கேட்டவர்களுக்குக் காட்டணும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நமக்கு இங்கே ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே கரண்ட் வேலை. நேற்று ஒருத்தர் அந்த ப்ளக் நியமத்தின் பொட்டோக்கொப்பி ஒன்று கொடுத்தார். பாதி கறுப்பு. அளவு அட்டவணை இருந்த பக்கத்தைத்தான் காணல.