லேப் தேர்வில் நேரம் விரலில் போவதில்லை

சிஸ்கோவின் நெட்வொர்க் வல்லுநர் சான்றிதழான சிசிஐஇ-யின் லேப் (செய்முறை) தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடுகிற இடத்தில் அடிக்கடி கேட்கிற புலம்பல், "டைப்பிங் வேகம் பத்தல." எனக்கு இதில் உடன்பாடில்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். தேர்வு முழுக்க 2000 சொல் அளவுக்குக் கட்டளை அடிக்கிறீர்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 30 சொல் என்றால் 67 நிமிடம், 40 என்றால் 50. மாதக்கணக்கில் தட்டச்சுப் பயிற்சி எடுத்து மிச்சம் பிடித்தது 17 நிமிடம். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) நெய்பர், அதாவது பக்கத்து ரவுட்டருடனான உறவு, எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைநிலையிலேயே நிற்கும்போது எம்டியுவை (பாக்கெட்டின் உச்ச அளவு) பார்க்காமல் ஏரியா எண்ணையும் பாஸ்வேர்டையும் நோண்டிக்கொண்டிருந்தால், அந்த 17 நிமிடமும் அங்கேயே போச்சு. ஏரியாவோ பாஸ்வேர்டோ பொருந்தாவிட்டால் எக்ஸ்ஸ்டார்ட் வரைக்கும் வரவே வராது. இது தெரிந்தவருக்கு அது ஒரு நிமிட வேலை.

2020 பிப்ரவரியிலிருந்து தேர்வு இரண்டு மாட்யூல். முதலில் டிசைன், 3 மணி நேரம். பிறகு டிப்ளாய், ஆப்பரேட், ஆப்டிமைஸ் மூன்றும் சேர்ந்த 5 மணி நேரம். டிசைனை முடித்து நகர்ந்தபின் திரும்ப முடியாது. அதில் ரவுட்டரைத் தொடுகிற வேலையும் கிடையாது, கொடுத்த மின்னஞ்சல், வரைபடம் போன்ற ஆவணங்களை வாசித்துப் பதில் சொல்வதுதான். அதனால் கேள்வியை முதலில் படித்துவிட்டு அதற்கு வேண்டிய ஆவணத்துக்குள் போங்கள். எல்லா மின்னஞ்சலையும் வரைபடத்தையும் முதலிலிருந்து கடைசிவரை மனப்பாடம் செய்யப் பார்ப்பவர்கள்தான் அங்கே திணறுகிறார்கள். டிசைனைப் பற்றி இது போதும், நேரம் கொட்டுகிற இடம் அடுத்த 5 மணி நேரம்.

300 நிமிடம். வாசிக்க 20, கடைசிச் சரிபார்ப்புக்கு 40 என்று முதலிலேயே எடுத்து வையுங்கள். மிச்சம் 240. மொத்தம் 60 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் ஒரு மதிப்பெண்ணுக்கு 4 நிமிடம், 3 மதிப்பெண் வேலைக்கு 12 நிமிடம். தாளில் ஒரு கட்டம் போட்டு டாஸ்க் எண், மதிப்பெண், தொடங்கிய நேரம், முடிந்ததா, சரிபார்த்ததா என்று ஐந்து பத்தி வைத்தால் போதும். 12 நிமிட வேலை 20 நிமிடத்தைத் தொட்டால், எங்கே நின்றது என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர வேண்டும். மற்ற டாஸ்க்குகள் இதன்மேல் நிற்கின்றன என்றால் மட்டும் விதிவிலக்கு. ஐஜிபி (ஓஎஸ்பிஎஃப் போன்ற உள்நெட்வொர்க் ரூட்டிங்) வராமல் பிஜிபிக்கு (நெட்வொர்க்குகளுக்கு இடையிலான ரூட்டிங்) போய் எதுவும் ஆகாது. ஆனால் ஒரு க்யூஓஎஸ் (ட்ராஃபிக் முன்னுரிமை) கிளாஸ் மேப்புக்காக 40 நிமிடம் மல்லுக்கு நிற்பது வீம்பு.

முழுத் தாளையும் முதலில் வாசிப்பது நேர விரயம் என்று சிலர் வாதிடுகிறார்கள். தவறு. மூன்றாவது டாஸ்க்கில் நீங்கள் போடுகிற ரீடிஸ்ட்ரிபியூஷனுக்கு (ஒரு நெறிமுறையின் வழிகளை இன்னொன்றில் சேர்ப்பது) பதினான்காவது டாஸ்க் ஒரு டேக் (அடையாள எண்) கேட்கும். இன்னொன்று, கையால் எழுதும் ஸ்டேட்டிக் ரூட்டே கூடாது என்று சொல்லும். 20 நிமிடம் வாசிக்காமல் தொடங்குகிறவர் இதைப் பின்னால் பிரித்து மாட்டும்போது அந்த நேரத்தை இரட்டிப்பாகச் செலவழிக்கிறார். வரிசையும் அந்த வாசிப்பில்தான் முடிவாகிறது: லேயர் 2 (சுவிட்சிங்), ஐஜிபி, எம்பிஎல்எஸ் (லேபிள் வைத்து பாக்கெட் அனுப்புவது), பிஜிபி, அதற்கு மேல் ஓவர்லே (மேலே கட்டும் டனல் நெட்வொர்க்), பிறகு சேவைகள். ஏசிஎல் (பாக்கெட்டை வடிகட்டும் பட்டியல்), கன்ட்ரோல் பிளேன் போலீசிங் போன்ற தடுப்பு வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னால். முதலிலேயே போட்டால், அடுத்து வருகிற ஒவ்வொரு கோளாறிலும் "இது ஏசிஎல் வேலையோ?" என்ற சந்தேகம் கூடவே வரும்.

இனி யாரும் எண்ணிப் பார்க்காத விஷயம், காத்திருப்பு. எதிர்முனை பதில் தராவிட்டால், இணைப்பைச் சோதிக்கும் பிங் கட்டளை ஐந்து பாக்கெட்டுக்குத் தலா 2 விநாடி, ஆக 10 விநாடி நிற்கும். 30 முகவரியில் எதுவும் வரவில்லை என்றால் 5 நிமிடம். ரிபீட் 2, டைம்அவுட் 1 என்று கொடுத்தால் அதே வேலை ஒரே நிமிடம். ரவுட்டரிலேயே ஸ்கிரிப்ட் ஓட்டும் டிக்கிள் ஷெல்லில் ஃபோர்ஈச் (ஒவ்வொரு முகவரிக்கும் திரும்ப ஓடும் சுழல்) போட்டு முகவரிப் பட்டியலை ஒருமுறை நோட்பேடில் எழுதி வைத்தால், எந்த ரவுட்டரிலும் ஒட்டி ஓட்டலாம். வழியில் உள்ள ரவுட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் இன்னும் மோசம்: 30 ஹாப், ஹாப்புக்கு 3 ப்ரோப், ஒவ்வொன்றுக்கும் 3 விநாடி. பதிலே வராவிட்டால் நாலரை நிமிடம். நிறுத்த கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இது விரலுக்குப் பழகாமல் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. சுவிட்சுகளில் சுழற்சியைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீயில் போர்ட் ஃபார்வர்டிங்குக்கு வர 30 விநாடி. பிராட்காஸ்ட் வகை ஓஎஸ்பிஎஃபில் டிஆர் (அந்த இணைப்பின் தலைமை ரவுட்டர்) தேர்தலுக்கு டெட் டைமர் அளவான 40 விநாடி வரை. பிஜிபியில் இயல்பான ஹோல்டு டைம் (பேச்சில்லாத எதிர்முனையைக் கைவிடும் நேரம்) 180 விநாடி. இந்த இடைவெளிகளில் திரையை முறைக்காமல் அடுத்த ரவுட்டருக்குப் போய்விட வேண்டும். மூன்று டேப் திறந்து சுற்றிச் சுற்றி வருகிறவருக்குக் காத்திருப்பு என்பதே கிடையாது.

நோட்பேடில் எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம்தான், ஆனால் அதிலும் கண்ணிகள் உண்டு. பயிற்சிக்கு உண்மையான கன்சோல் கேபிள் வைத்திருந்தால் 9600 பாட் என்பது விநாடிக்கு அதிகபட்சம் 960 எழுத்து. 200 வரியை ஒரே மூச்சில் ஒட்டினால் நடுவில் எழுத்து விழும். போர்ட்டை இயக்கும் "நோ ஷட்டவுன்" வரியில் "நோ" மட்டும் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 20, 30 வரியாக ஒட்டுங்கள். ஆர்எஸ்ஏ கீ (குறியாக்கச் சாவி) உருவாக்கும் கட்டளை, மாடுலஸ் (சாவியின் அளவு) கொடுக்காவிட்டால் அளவைக் கேட்டு நிற்கும், அடுத்த வரியைப் பதிலாக விழுங்கிவிடும். அதனால் மாடுலஸ் எண்ணைச் சேர்த்தே எழுதுங்கள். இன்னொன்று, நாலு ரவுட்டருக்கு ஒரே துண்டை நகலெடுக்கும்போது ரவுட்டர் ஐடியை மாற்ற மறப்பது. பக்கத்து பக்கத்து ரவுட்டரில் ஒரே ஐடி இருந்தால் ஓஎஸ்பிஎஃப் நெய்பரே ஏறாது, கான்ஃபிக்கைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

பயிற்சியைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கசக்கும். வாரா வாரம் எட்டு மணி நேர மாக் லேப் (மாதிரித் தேர்வு) எழுதுவதால் வேகம் வராது, களைப்புதான் வரும். அது கடைசிக் கட்டத்தில் இரண்டு மூன்று முறை போதும், உடம்புக்கு அந்த நீளம் பழகுவதற்காக. வேகம் வருவது சின்னத் துண்டுகளில். நாலு ரவுட்டர், இரண்டு ஏரியா, ஒரு சம்மரி, ஆதென்டிகேஷன், கடிகாரத்தோடு 10 நிமிடம். முடிந்ததும் கான்ஃபிகர் ரீப்ளேஸ் கொடுத்துப் பழைய நிலைக்குத் திருப்பி மறுபடியும். மூன்றாவது தடவை எட்டு நிமிடத்தில் வரும். வராவிட்டால் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆர்க்கைவின் கீழே லாக் கான்ஃபிக் போய் லாகிங் எனேபிள், நோட்டிஃபை சிஸ்லாக் இரண்டையும் போடுங்கள். நீங்கள் அடித்த ஒவ்வொரு கான்ஃபிக் கட்டளையும் நேரத்தோடு பதிவாகும். இரண்டு கட்டளைக்கு நடுவே மூன்று நிமிட மௌனம் தெரிகிற இடம்தான் உங்கள் பலவீனம், அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

கோளாறு தேடுவதையும் இப்படியே துண்டாக்கலாம். ஒருவர் உடைக்க, இன்னொருவர் கண்டுபிடிக்க. ஓஎஸ்பிஎஃப் இனிட்டில் நின்றால் ஹலோ ஒருபக்கம்தான் போகிறது. பிஜிபி ஐடிலில் நின்றால் முதலில் நெய்பர் முகவரிக்கு ரூட் இருக்கிறதா பாருங்கள். ஆக்டிவில் நின்றால் டிசிபி 179 (பிஜிபி பேசும் போர்ட்) எங்கோ அடைபடுகிறது, அல்லது லூப்பேக்கிலிருந்து (ரவுட்டருக்குள் இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) பேச வேண்டிய இடத்தில் அப்டேட் சோர்ஸ் விட்டுப்போயிருக்கிறது. நிலையின் பெயரைப் பார்த்ததும் முதல் கட்டளை கைக்கு வர வேண்டும். முழு ரன்னிங் கான்ஃபிக்கை உருட்டிக்கொண்டிருப்பது தேடலே இல்லை. பைப் போட்டு செக்‌ஷன் பிஜிபி என்று கேட்டால் தேவையானது மட்டும் வரும்.

எடுத்து வைத்த அந்தக் கடைசி 40 நிமிடத்தைப் புது டாஸ்க்குக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஒரு டாஸ்க்கில் மூன்று நிபந்தனை இருந்து ஒன்று விட்டுப்போனால் அந்த மதிப்பெண் முழுக்கப் போகும். அதனால் கேள்வியை வரி வரியாகத் திரும்பப் படித்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு ஷோ கட்டளை ஓட்டிப் பாருங்கள். அந்த ஃபோர்ஈச் ஸ்கிரிப்டை எல்லா ரவுட்டரிலும் மறுபடி ஓட்டுங்கள், கடைசியாகப் போட்ட ஏசிஎல் முதலில் செய்ததை உடைத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். எல்லாக் கருவியிலும் ரைட் மெமரி கொடுத்துச் சேமியுங்கள். அதற்குப் பிறகு எதையும் அழகுபடுத்த வேண்டாம்.