ஓஷின் சப்புனு போகலையே
சின்ன வயசுல ரசிச்ச நாடகத்த இப்ப திரும்பப் பாத்தா சப்புனு போயிரும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, கார்ட்டூனுக்கு சரி, ஆனா ஓஷின்ங்கிற ஜப்பான் நாடகம்? இலங்கை டீவி ரூபவாஹினியில சிங்களத்துல போகும், ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்துல, அதான் வரிசை வீடுங்கள்ல, ஒரே ஒரு டீவி, அதுவும் பெட்டரியில ஓடுறது, மொத்த லயமும் அந்த வாசல்லதான். அப்ப எனக்கு பனியும் அந்த ஓஷின் புள்ளையோட கன்னமும் மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு. போன மாசம் யூடியூப்புல பாக்குறேன், ஏழு வயசுப் புள்ளய அரிசி மூட்டைக்காக வேலைக்கு அனுப்புறாங்க, தெப்பத்துல போறப்ப அப்பன் அழுவுறான்... பக்கத்து வீட்டு காம்பராவுல இருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன அக்காவும் எங்களோட ஒக்காந்து இத பாத்தவங்கதான், அப்ப யாருக்கும் ஒறைக்கல. மேல கமெண்ட்டுல "பழசெல்லாம் ஸ்லோ"ன்னு போட்ட தம்பி, ஒரு எபிசோட் 15 நிமிசந்தான், என்ன, மொத்தம் 297 இருக்கு.