இருக்கிற இடம் வேறு, படிக்கிற மொழி வேறு

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. பஸ்ஸின் பலகையில் மலையாளம் இருக்கும், உள்ளே பேச்சு தமிழில் ஓடும்.

போன வாரம் அம்மாவின் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தேன். போன் முழுக்கத் தமிழில்தான் வைத்திருக்கிறார். செயலியைத் திறந்தால் மலையாளம். ஆள் கேரளத்தில் இருக்கிறார், அப்படியென்றால் மலையாளம்தான் என்று அதுவே முடிவு செய்துவிட்டது. அம்மாவுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மொழியை மாற்றலாம் என்றால், அந்தப் பட்டியலில் தமிழின் பெயரும் மலையாள எழுத்தில் இருக்கிறது. 'தமிழ்' என்று நம் எழுத்தில் இருந்திருந்தால் அவரே தொட்டு மாற்றியிருப்பார்.

நானும் நிரல் எழுதிப் பிழைக்கிறவன்தான். அதனால்தான் இவ்வளவு கோபம். போனில் தேர்ந்தெடுத்த மொழி என்ன என்று செயலி கேட்டாலே தெரிந்துவிடும். பிரவுசரோ கேட்காமலே, 'அக்செப்ட் லாங்குவேஜ்' என்ற வரியில் ஒவ்வொரு முறையும் அதை அனுப்பி வைக்கிறது. கையில் இருக்கும் பதிலை விட்டுவிட்டு ஏன் இருப்பிடத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும்?

மொழியும் வட்டாரமும் தனித்தனி விஷயம். கம்ப்யூட்டருக்கு மொழியையும் வட்டாரத்தையும் சொல்லும் 'டிஏ-ஐஎன்' (ta-IN) என்ற குறியீட்டில் முன்பாதி தமிழ், பின்பாதி இந்தியா. மாநிலத்துக்கு அதில் இடமே இல்லை. இந்தியத் தமிழுக்கு 1,25,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி விழும், சிங்கப்பூர்த் தமிழுக்கு 125,000.

இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஒரு பால் சங்கத்துக் கணக்கை எக்செலில் ஏற்றினார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அமெரிக்க வட்டார அமைப்பு, அதில் மாதம்தான் முதலில் வரும். 03/04/2024 என்று எழுதிய ஏப்ரல் 3, மார்ச் 4 ஆகிவிட்டது. 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக நின்றன. பாதி தப்பு, பாதி சரி மாதிரி தெரிந்ததால் யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. வயதான செயலாளர் பழைய நோட்டை விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துச் சரிபார்த்தார். உள்ளே 2024-04-03 என்று ஒரே வடிவத்தில் சேமித்துவிட்டு, திரையில் காட்டும்போது மட்டும் அவரவர் வழக்கப்படி மாற்றியிருந்தால் இந்தப் பாடு இல்லை.

கேரளத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும் என்று 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. சட்டம் ஒத்துக்கொண்டதை ஒரு செயலி ஒத்துக்கொள்ளக் கூடாதா?

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளத்திலும் ஆந்திராவில் இருக்கும் சித்தூரிலும் இதே கதைதான். நிரல் எழுதுகிற நண்பர்களே, இருப்பிடத்தை வைத்து மொழியை முடிவு செய்கிற வரி உங்களிடம் இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.