சிவகார்த்திகேயன் யூடியூபில் இருந்து வரவில்லை

பாம்பன் பாலத்தில் நின்று ஒரு நகைச்சுவை வீடியோ போட்டால் சினிமாக்காரர்கள் தேடி வருவார்கள், சிவகார்த்திகேயனும் யூடியூபில் இருந்து வந்தவர்தான் ஆயிரம் பேர் சந்தா சேர்ந்தால் மாதச் சம்பளம் வரும் என்று ஒரு தம்பி பதிவு எழுதியிருக்கிறார். தவறு. சிவகார்த்திகேயன் விஜய் டிவியின் ‘கலக்கப்போவது யாரு’ போட்டியில் வென்று, பிறகு அங்கேயே தொகுப்பாளராகப் பல மேடைகளைப் பார்த்து, 2012இல் ‘மெரினா’ மூலம் சினிமாவுக்குள் நுழைந்தவர். யூடியூப் வழிக்கு உதாரணம் வேண்டுமானால் ஆர்.ஜே. விக்னேஷ்காந்தைச் சொல்லியிருக்கலாம்; 2019இல் வந்த ‘நெஞ்சமுண்டு நேர்மையுண்டு ஓடு ராஜா’வில் அவர் நடித்தார். ஆனால் அவருக்கும் வானொலி அனுபவம் இருந்தது, சுற்றி ஒரு குழுவே இருந்தது.

யூடியூபில் ஆயிரம் பேர் சந்தா சேர்ந்தால் மாதச் சம்பளம் என்பதும் அரைகுறைத் தகவல். விளம்பர வருமானத்தில் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களோடு கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி (ஷார்ட்ஸ்) என்றால், அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாள்களில் ஒரு கோடி பார்வைகள். அதன் பிறகும் கிடைப்பது பங்குதான், சம்பளம் அல்ல. மீன் வரத்து போல ஏறும், இறங்கும்.

2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஒரே இரவில் ரசிகர்களை இழந்தார்கள். மண்டபம், தொண்டி போன்ற கடற்கரை ஊர்களில் நன்றாக நடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பியின் பதிவை நம்பி யாரும் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட வேண்டாம். பாலத்துப் போக்குவரத்தையும் மறிக்க வேண்டாம்.