அந்த வீடியோவோட மீதி நாலு நிமிஷம்

அந்த வீடியோவ இதுவரைக்கும் பதினேழு பேர் எனக்கே அனுப்பிட்டீங்க. போதும், பாத்துட்டேன். சிக்னல்ல நிக்கிறது என் கார்தான், பானட்டுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிறது நான்தான், "மியூசியத்துல வைக்க வேண்டியத ரோட்டுக்குக் கொண்டு வந்தா இப்படித்தான்"னு மேல எழுதியிருக்கிறதையும் படிச்சுட்டேன். பதில் சொல்ல வேண்டாம்னுதான் நாலு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தேன். முடியல.

நடந்தது இதுதான். என்னோடது 1964 மோரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார். இதுல பேட்டரில ஓடுற பெட்ரோல் பம்ப். சாவியத் திருப்பினா டக் டக் டக்னு சத்தம் கேக்கும், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது) ரொம்பினதும் சத்தம் நின்னுடும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணணும். தினமும் காலையில நான் காது கொடுத்து கேக்குற முதல் சத்தம் அது. அன்னிக்கு சிக்னல்ல இன்ஜின் நின்னுச்சு, சாவியத் திருப்பினேன், டக் வரல. வரலன்னா பெரும்பாலும் பம்ப்புக்குள்ள இருக்கிற பாயின்ட்ல, அதாவது கரண்ட விட்டு விட்டு அனுப்புற முனைல, கரி புடிச்சிருக்குன்னு அர்த்தம். அதுக்கு வைத்தியம் ஸ்பேனரோட பின்பக்கத்தால பம்ப் மேல லேசா ரெண்டு தட்டு. சிரிக்காதீங்க, இந்தப் பம்ப்ப வச்சிருக்கிற எவனும் இதத்தான் பண்ணுவான்.

தட்டப் போற நேரத்துல பின்னாடி கார்லேர்ந்து ஒரு தம்பி ஜம்பர் வயரோட (இன்னொரு கார் பேட்டரிலேர்ந்து கரண்ட் எடுக்குற வயர்) ஓடி வந்து, நான் நிமிர்றதுக்குள்ள கறுப்பு கிளிப்ப இன்ஜின்ல மாட்டிட்டான். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடில இருக்கும், இப்ப வர்ற கார்களுக்கு நேர் எதிர். புது கார்னு நெனச்சு இப்படியே ரெண்டு பேட்டரியையும் இணைச்சிருந்தா பெட்ரோல் பம்ப் பக்கத்துலயே தீப்பொறி பறந்திருக்கும். அதான் "வேணாம், கைய எடு"ன்னு கத்தினேன். வீடியோல அது "உதவ வந்தவனையே திட்டுற பெருசு" ஆயிடுச்சு. முப்பத்தெட்டு செகண்ட் வீடியோ. அப்புறம் நாலே நிமிஷத்துல வண்டி ஸ்டார்ட் ஆச்சு, வீட்டுக்கு ஓட்டிட்டு வந்தேன், பம்ப்பக் கழட்டி பாயின்ட்டத் தேய்ச்சு மாட்டினேன், அடுத்த நாள் அதே ரோட்டுல அதே வேலைக்குப் போனேன். அத யாரும் எடுக்கல.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பழைய வண்டி ஓட்டினா கெடாது, நிறுத்தினாதான் கெடும்.

தெரியாம சொல்லல. அப்பா போனப்புறம் இந்தக் கார் ஷெட்டுல ஆறு வருஷம் நின்னுச்சு. போர்வை போத்தி, "பத்திரமா". நான் திறந்து பாத்தப்ப நாலு சக்கரத்துலயும் பிரேக் சிலிண்டர் இறுகிப் போச்சு, வண்டிய தள்ளக்கூட முடியல. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டிக்கிச்சு. டேங்க்குல இருந்தது பெட்ரோலா வார்னிஷான்னு மோந்து பாத்துதான் சொல்லணும். பின் சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. அப்பா நாப்பது வருஷம் ஓட்டினதுல ஆகாத சேதம் ஆறு வருஷம் பத்திரமா வச்சதுல ஆச்சு. இப்ப தினமும் ஓடுது. சீல் எல்லாம் ஈரமா இருக்கு, பெட்ரோல் தேங்குறதில்ல, ஒரு சத்தம் மாறினா அன்னிக்கே காதுக்குத் தெரியுது. மியூசியத்துல வைக்கணுமாம்.

இன்னொரு அறிவாளி கமெண்ட்ல "பானட் நடுவுல ஒட்டு போட்டு ஓட்டுறான் பாரு"ன்னு வட்டம் போட்டுக் காட்டியிருக்கார். ஐயா, அது ஒட்டு இல்ல. இத டிசைன் பண்ண அலெக் இசிகோனிஸ், முதல்ல செஞ்ச சாம்பிள் காரு ரொம்ப ஒடுக்கமா இருக்குன்னு அத நடுவுல ரெண்டா வெட்டி நாலு இஞ்ச் தள்ளி வச்சுப் பாத்துதான் அகலத்தையே முடிவு பண்ணாரு. அந்த நாலு இஞ்ச்தான் பானட் மேல இன்னும் பட்டையா நிக்குது. 16 லட்சம் காருக்கு மேல இப்படித்தான் வந்துச்சு. பிரிட்டன்ல பத்து லட்சத்தத் தொட்ட முதல் கார் இது, 1960 டிசம்பர்ல. ஒட்டாம்.

"பார்ட்ஸ்க்கு என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்குறவங்க மேல எனக்குக் கோவமே வராது, நல்ல கேள்வி. இதுல இருக்கிறது ஏ-சீரிஸ் இன்ஜின். இதே குடும்பத்து இன்ஜின்தான் மினி கார்ல 2000 வரைக்கும் வந்துச்சு, அதனால இன்ஜின் சாமானுக்கு நான் இதுவரைக்கும் தவிச்சதில்ல. இன்ஜினுக்கு ஸ்பார்க் கொடுக்குற பாயின்ட் (இது பம்ப்போடது இல்ல, வேற), கண்டென்சர், ரோட்டார் எல்லாம் டிக்கில ஒரு பழைய பிஸ்கட் டப்பால எப்பவும் இருக்கும். பாயின்ட் இடைவெளி 15 தவ், அதாவது ஒரு இஞ்ச்ல ஆயிரத்துல பதினஞ்சு பங்கு. இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ் தகட்ட விட்டு இழுக்கும்போது வெண்ணெயில கத்தி போற மாதிரி லேசா புடிக்கணும், சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. அத கையிலதான் படிக்க முடியும். உங்க காரு நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? லாரிக்குப் போன் பண்ணுவீங்க. அத யாரும் வீடியோ எடுக்க மாட்டாங்க, ஏன்னா அது புது காரு.

புகை விடுதுன்னு ஒருத்தர். விடுது. புகைய சுத்தம் பண்ற கேடலிடிக் கன்வர்ட்டர் கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா மூணு வருஷத்துக்கு ஒருக்கா கார் மாத்துறவர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அவ்ளோதான், இதுக்கு மேல இதுல பேச இஷ்டமில்ல.

பாதுகாப்பு. இங்கதான் எனக்கு நாக்கு கொஞ்சம் ஒட்டும். நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், எல்லாத்துக்கும் ஒரே ஆயில் லைன், ஒரு எடத்துல கசிஞ்சா மிதி தரைக்குப் போயிடும். ஏர்பேக் இல்ல. சீட் பெல்ட் நானா போட்டது. பிரேக் ஆயில் பாக்கணும்னா டிரைவர் காலடில கார்ப்பெட்டத் தூக்கி மூடியத் திறக்கணும், ஞாயித்துக்கிழம தவறாம பாக்குறேன். முன் சக்கரத்தத் தாங்குற ட்ரன்னியனுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்கலன்னா ஒரு நாள் சக்கரம் மடங்கி உக்காந்துடும், அதையும் விட்டதில்ல. இடைவெளி விட்டுதான் ஓட்டுறேன், என்ன, விட்ட இடைவெளில எவனாவது வந்து சொருகிடுறான். இதெல்லாம் சொன்னாலும் உங்க கேள்விக்கு முழு பதில் ஆகாதுன்னு எனக்கே தெரியும். மழை ராத்திரில பிள்ளைகள ஏத்துறதில்ல.

"சீன் போடுறான்"னு சொன்னவங்களுக்கு ஒரு நாள் என்கூட வந்து கிரீஸ் கன்ன புடிங்க. சீனு முழங்கை வரைக்கும் ஒட்டும்.

இதெல்லாம்கூட விடுங்க. அந்த வீடியோவ எங்க குடும்ப குரூப்புல சிரிப்பு பொம்மையோட போட்டது எங்க அண்ணன். அவன் ஓட்டக் கத்துக்கிட்டதே இந்தக் கார்ல. முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் சத்தமில்லாம விழ வைக்கிற அமைப்பு) கிடையாது, முழுசா நிக்காம போட்டா கர்ருன்னு கத்தும், அவன் கத்த வச்ச கத்துக்கு அப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல, "இன்னொருக்கா போடு"ம்பார். அதே அண்ணன்தான் "இப்பவாவது வித்துத் தொலை"ங்குறான். அப்பாவுக்கு மூட்டு வலி வந்தப்பவும் அவன்தான், நானும்தான், "நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்"னு சாவிய வாங்கி வச்சோம். அதுவரைக்கும் தினமும் கிளட்ச் மிதிச்ச காலு. ஒரு வருஷத்துல மாடிப்படி ஏற முடியல. சரி, அது வேற விஷயம், அத இங்க ஏன் எழுதுறேன்னு தெரியல.

வீடியோ எடுத்தவர் யாருன்னு எனக்குத் தெரியும், இந்தப் பதிவையும் அவர் படிப்பார். டெலீட் பண்ணச் சொல்லல சார். நீங்க பக்கத்து கார்ல கடைசி வரைக்கும் நின்னீங்க, நான் பாத்தேன். மீதி நாலு நிமிஷமும் உங்க போன்ல இருந்தா அதையும் போடுங்க.

அந்த ஜம்பர் வயர் தம்பி கண்ணுல இது பட்டா: கத்தினதுக்கு மன்னிச்சிருப்பா. அத்தன பேர் ஹாரன் அடிச்சாங்க, எறங்கி வந்தது நீ ஒருத்தன்தான்.