குழந்தையின் வயிற்றுக்கு அளவு தெரியும்

ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் இருக்கும் வீடுகளில் நாளின் பாதிப் பொழுது சோறூட்டுவதிலேயே கழிகிறது. காலையில் ஒரு இட்லி உள்ளே போக முக்கால் மணி நேரம், மதியம் பருப்புச் சாதத்துக்கு ஒரு மணி நேரம், இரவில் அழுகையும் அதட்டலும். கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அம்மாவோ பாட்டியோ வாசலுக்கும் மொட்டைமாடிக்கும் குழந்தையின் பின்னாலேயே அலைகிறார்கள். இதற்குப் பின்னால் இருப்பது பாசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வயிறு போதும் என்று சொன்ன பிறகும் தொடர்ந்து ஊட்டும் வழக்கத்தை நாம் விட்டாக வேண்டும் என்பதை, இரண்டு சிறு குழந்தைகளின் தாயாக இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது, எங்கே உட்கார வைப்பது என்பவையெல்லாம் பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும்.

"போன மாசம் வரைக்கும் கிண்ணம் நிறையச் சாப்பிட்டவன், இப்ப நாலு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்கிறான்" என்ற கவலை பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டித்தான் தொடங்குகிறது. பிடிவாதம் என்கிறோம், கண்பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். உண்மைக் காரணம் வளர்ச்சியின் கணக்கில் இருக்கிறது. 3 கிலோ எடையுடன் பிறக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 9 கிலோவைத் தொடுகிறது; அதாவது பன்னிரண்டு மாதங்களில் 6 கிலோ கூடுகிறது. அடுத்த ஆண்டு முழுவதும் சேர்த்துக் கூடுவது இரண்டரை கிலோ அளவுதான். உடம்பு வளரும் வேகம் பாதிக்கும் கீழே குறையும்போது பசியும் மந்தப்படுவது இயற்கை. இந்த வயதில் ஒவ்வொரு உணவு வகையிலும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பதே தொடக்கத்துக்குப் போதுமான அளவு என்று சொல்வார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு கரண்டி சாதம், இரண்டு கரண்டி பருப்பு, இரண்டு கரண்டி காய். பசி இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளும். நாம் நிரப்பும் கிண்ணத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால், குழந்தை மிச்சம் வைப்பது ஏன் என்று புரிந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த தாய்மார்கள்கூட ஏன் ஊட்டியே தீர வேண்டும் என்று நினைக்கிறார்கள்? என் பார்வையில் இதற்கு முதல் காரணம் உறவினர்களின் வாய். ஊரிலிருந்து வரும் பெரியம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "என்னடி, பிள்ளை இப்படி இளைச்சுக் கிடக்கு?" என்று கேட்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தன் பேரனின் கொழுகொழு கன்னத்தைக் காட்டி, "இவனுக்கு என்ன குடுக்குறே?" என்று விசாரிக்கிறார். இந்தக் கேள்விகள் யாரும் அப்பாவை நோக்கிக் கேட்பவை அல்ல. வேலைக்குப் போகும் தாயாக இருந்தால் "கவனிக்க நேரமில்லை போல" என்ற ஒரு வரியும் சேர்ந்துகொள்கிறது. அன்றிரவு அந்தத் தாய் குழந்தையின் வாயில் திணிக்கும் கூடுதல் நான்கு கவளமும் குழந்தையின் பசிக்காக அல்ல. தன் மீது விழுந்த பழியைத் துடைத்துக்கொள்வதற்காக. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வி கேட்டவர்களைத்தான் நான் குறை சொல்வேன்.

கண்ணால் பார்த்து எடையைத் தீர்மானிக்க வேண்டிய அவசியம் இன்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலின்படி இரண்டு வயதுப் பெண் குழந்தையின் நடு எடை 11.5 கிலோ, 9 கிலோ வரை இருந்தாலும் அது இயல்பின் எல்லைக்குள்தான். ஆகவே பத்து கிலோ எடையுள்ள, ஓடியாடி விளையாடுகிற, நன்றாகத் தூங்குகிற பெண் குழந்தையை இளைத்தவள் என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் கிடையாது. ஒரே ஒரு நாள் பார்த்த எடையைவிட, மாதாமாதம் குறிக்கும் புள்ளிகள் அட்டையில் உள்ள கோட்டை ஒட்டியே மேலேறுகின்றனவா என்பதுதான் முக்கியம். அங்கன்வாடியில் இந்த எடையைப் பார்த்துக் குறித்துத் தருகிறார்கள். எங்கள் வீட்டில் என் மாமியாரின் கவலையைத் தணித்ததும் அந்த அட்டைதான். "அத்தை, இந்தக் கோட்டைப் பாருங்க, போன மாசத்தைவிட ஏறியிருக்கு" என்று விரல் வைத்துக் காட்டியபோது, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப சரிதான் போல" என்றார்கள். அதன் பிறகு ஊட்டலைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சின் தொனியே மாறிப்போனது.

செல்போன் விஷயத்துக்கு வருகிறேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில் சமீபத்தில் ஒரு குழந்தையைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலின் மீது சாய்த்து வைத்த போனில் ஏதோ பாட்டு ஓடுகிறது. குழந்தையின் கண் திரையை விட்டு அகலவில்லை. கரண்டி உதட்டில் பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது, விழுங்குகிறது, மறுபடியும் திறக்கிறது. நடுவில் விளம்பரம் வந்து பாட்டு நின்றதும் வாயும் இறுக மூடிக்கொண்டது. ஒரு கன்னத்தில் மட்டும் சோறு உப்பி நின்றது. தான் சாப்பிடுவது சாம்பார் சாதமா பாயசமா என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. வாசனையும் ருசியும் கைபடும் சூடும் வயிறு நிறையும் உணர்வும் சேர்ந்துதான் ஒரு குழந்தை சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. திரை இவை அத்தனையையும் மறைத்துவிடுகிறது. பழகிவிட்ட பிறகு திரை இல்லாமல் வாயே திறக்காது. இரண்டு வயது வரை திரை தேவையே இல்லை என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. மூன்று வேளையும் போன் காட்டி ஊட்டினால் அந்த அளவு சாப்பாட்டிலேயே தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று பால். சோறு இறங்காத குழந்தைக்குப் "பாலாவது குடிக்கட்டும்" என்று புட்டியை நீட்டுவது நம் வழக்கம். ஒரு வயதுக்கு மேல் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. பாலில் இரும்புச் சத்து மிக மிகக் குறைவு. மற்ற உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் அது தடுக்கிறது. இரும்பு குறைந்தால் ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் பசி இன்னும் குறையும். பசி குறைந்தால் வீட்டில் இன்னொரு புட்டி பால் தயாராகும். இந்தச் சுழல் எத்தனையோ வீடுகளில் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தெரியவந்தது. வறுமை உள்ளிட்ட பல காரணங்கள் அதற்கு உண்டு. ஆனால் வசதியான வீட்டிலும் பாலால் வயிறு நிரம்பும் குழந்தைக்கு அது வரும். புட்டியை நிறுத்தி, பாலை டம்ளரில், சாப்பாட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கொடுத்தாலே பல வீடுகளில் பசி திரும்பிவிடும். பாலில் கலக்கும் மாவுப் பானங்களும் தீர்வல்ல. அவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம். இணைய விற்பனைத் தளங்கள் இத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்ற பிரிவில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே அறிவுறுத்தியது.

எங்கள் வீட்டில் நடைமுறை எளிமையானது. எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் குழந்தைகளையும் பாய் விரித்துத் தரையில் உட்கார வைக்கிறோம். நாங்கள் சாப்பிடுவதே காரம் குறைத்து அவர்கள் தட்டிலும் விழுகிறது. சின்னவள் முதலில் பருப்புச் சாதத்தை ஐந்து விரலாலும் பிசைவாள், பிறகு தட்டின் ஓரத்தில் பூசுவாள், முழங்கை வரை நெய் வழியும். அதன் பிறகுதான் ஒவ்வொரு பருக்கையாக வாய்க்குப் போகும். கீரையை வெளியே எடுத்துப் போட்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே கீரை ஒரு சிட்டிகை தட்டில் இருக்கும். புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம் என்பதால், ஒரு முறை துப்பியதை வைத்துப் "பிடிக்காது" என்று முடிவு கட்டுவதில்லை. அரை மணி நேரம் ஆனதும், தட்டில் என்ன மிச்சம் இருந்தாலும் எடுத்துவிடுகிறோம். அடுத்த வேளை வரை பிஸ்கட், முறுக்கு எதுவும் கிடையாது. அதட்டலும் இல்லை, "இதைச் சாப்பிட்டால் சாக்லேட்" என்ற பேரமும் இல்லை. தரையைத் துடைக்கும் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மை.

இதைச் சொன்னதும் "பட்டினி போடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வேளை இரண்டு வாய் சாப்பிட்ட குழந்தை அடுத்த வேளை அதை ஈடுகட்டிவிடும். ஒரு வேளையை மட்டும் பார்க்காமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், எல்லாக் குழந்தைக்கும் இது ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. எடைக்கோடு தொடர்ந்து கீழிறங்கினாலோ, சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினாலோ, ஒவ்வொரு வேளையும் வாந்தி வந்தாலோ, மண், சுண்ணாம்பு, பச்சரிசி என்று தேடித் தின்றாலோ, இரண்டு வயது தாண்டியும் மென்று சாப்பிட முடியாமல் மசித்ததை மட்டுமே விழுங்கினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுவதுதான் முறை. குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடியில் இலவசமாகவே தருகிறார்கள்.

கடைசியாக, அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டை, முடிந்தால் இரவுச் சாப்பாட்டை, முழுமையாக நீங்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பரிமாறுவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, அரை மணி நேரத்தில் தட்டை எடுப்பது, துடைப்பது வரை அத்தனையும் உங்களுடையதாக இருக்கட்டும். உறவினர் யாராவது "பிள்ளை இளைச்சிருக்கே" என்று ஆரம்பித்தால், உங்கள் மனைவி வாய் திறப்பதற்கு முன் நீங்களே எடை அட்டையை எடுத்துவந்து காட்டுங்கள்.