நாய்வாலும் சர்க்கரையும்

ஸ்கூல் ஆண்டு விழாவுல 'What are little boys made of' ரைமுக்கு மேடையேத்தின ஒரு பையன் அழற வீடியோ பார்த்தேன். பையனை நாய்வால்னு சொல்ற வரிகளை விட்டுடலாமேன்னு அதுக்கு நான் எழுதின நாலு வரிக்கு இவ்வளவு பேர் பொங்குவீங்கன்னு நினைக்கலை. "காலங்காலமா இருக்கிற ரைம்ஸ்ல கை வைக்காதீங்க"ன்னு ஒரு அண்ணன். "நாங்களும்தான் பாடினோம், கெட்டா போயிட்டோம்?"னு ஒரு அக்கா.

காலங்காலமான்னா எந்தக் காலம்ணே? பையன்கள் நத்தையாலயும் நாய்க்குட்டி வாலாலயும் ஆனவங்க, பொண்ணுங்க சர்க்கரையாலயும் மசாலாவாலயும் ஆனவங்கன்னு சொல்ற அந்தப் பாட்டுக்கு வயசு 200 வருஷம், கொஞ்சம் முன்னே பின்னே. ஆங்கில மழலைப் பாடல்களைத் தோண்டித் துருவின ஓப்பி தம்பதி, அது முதல்ல தென்படுறது ராபர்ட் சௌதேயோட கையெழுத்துப் படியிலன்னு சொல்றாங்க. 1813லேர்ந்து சாகும்வரை இங்கிலாந்து அரசவைக் கவிஞரா இருந்தவர்.

பாட்டு அந்த ரெண்டு பத்தியோட முடியவும் இல்லை. வாலிபர்கள் பெருமூச்சாலயும் முதலைக் கண்ணீராலயும் ஆனவங்க. மாலுமிகள் கீலாலயும் தாராலயும் ஆனவங்க. இப்படி ஊர்ல இருக்கிற எல்லாரையும் கிண்டலடிக்கிற நீளப் பாட்டு. சில பழைய படிகள்ல நத்தையோட குட்டி விலாங்கு மீனும் உண்டு. விலாங்கு போச்சு, மாலுமி போனான், முதலைக் கண்ணீரும் காணோம். பையனும் பொண்ணும் மட்டும் நிக்கிறாங்க. பொறுக்கி எடுத்தது யாரு? இத்தனையைக் கழிச்ச பாட்டுல இன்னும் ரெண்டு வரியைக் கழிச்சா மட்டும் பாரம்பரியம் செத்துடுமா?

"குழந்தைக்கு என்ன புரியப் போகுது"ங்கிறவங்களுக்கு. யூகேஜியில என் தம்பிக்கு இதே பாட்டுக்கு வேஷம் போட்டாங்க. சாக்குக் கயிறை முறுக்கிக் கறுப்பு மை பூசின வால், டவுசர்ல ஊக்கு குத்தி. பக்கத்துல பொண்ணுங்களுக்கு ஜிகினா ஒட்டின ரோஸ் ஃபிராக். மேடையை விட்டு இறங்கினதும் அவன் கேட்டது, "என்னை மட்டும் ஏன் நாய்னு சொல்றாங்க?" அழுதான். "ஆம்பளப் பையன் அழலாமா"ன்னு மிஸ் அதட்டினாங்க. புரியலைன்னா சொல்றீங்க?

"பெண்ணியம் பேசியே எல்லாத்தையும் கெடுக்கறீங்க"ன்னு சொன்ன சாருக்கு: நான் பேசிட்டிருக்கிறது பையனைப் பத்தி. பதிவைப் படிச்சுட்டு வாங்க.

பெண்ணியம்தான் வேணும்னா அதுவும் இருக்கு. 1836 கடைசியில சார்லட் பிராண்டேங்கிற 20 வயசுப் பொண்ணு தன் கவிதைகளை இதே சௌதேக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டா. இலக்கியம் ஒரு பெண்ணோட வாழ்க்கைத் தொழிலா இருக்க முடியாது, இருக்கவும் கூடாதுன்னு 1837ல அவர் பதில் எழுதினார். பத்து வருஷம் கழிச்சு அவளோட 'ஜேன் ஐர்' நாவல் வந்தது, ஆம்பளை மாதிரி ஒலிக்கிற புனைபெயர்ல. சர்க்கரைன்னா டப்பாவுக்குள்ளதானே இருக்கணும்!

"பையன்னா கொஞ்சம் வால்தானே, ஜாலியா எடுத்துக்கோங்க"ங்கிறீங்க. எடுத்துக்கறேன். வீடியோவுல அழுத அந்தக் குழந்தையைப் பார்த்து ஒரு ஹாலே சிரிச்சதே, அதையும் ஜாலின்னே வச்சுக்கறேன். ஆனா அடுத்த வருஷம் முழுப் பாட்டையும் போடுங்க. கிழவர்கள் எதால ஆனவங்கன்னும் அதுல ஒரு பத்தி இருக்கு: தொளதொளன்னு அடிக்கிற செருப்பு, வழுக்கை மண்டை. முன்வரிசையில மாலையோட உட்கார்ந்திருந்த தாளாளரை மேடையேத்தி அதுக்கு ஆடச் சொல்லுங்க, நாங்க கை தட்டறோம்.